திருப்தியை அளக்கக் கிளம்பியபோது

எங்கள் கல்லூரி நூலகத்தில் பயனர் திருப்தியை அளக்கும் வேலை என்னிடம் வந்தபோது பழைய படிவங்களைக் கட்டாகக் கொடுத்தார்கள். ‘மோசம்’ முதல் ‘மிக நன்று’ வரை ஐந்து கட்டங்கள். பெரும்பாலோர் ‘நன்று’க்கு டிக் அடித்திருந்தார்கள். சரி, அதை வைத்து எதைத் திருத்துவது?

அப்புறம்தான் லிப்குவால் மாதிரியைக் கையில் எடுத்தேன். பரசுராமன், சைதாமல், பெர்ரி மூவரும் சேவைத் தரத்தை அளக்க 1988இல் வெளியிட்ட சர்வ்குவால் அளவுகோலை நூலகங்களுக்காக மாற்றி, 2000இல் தொடங்கப்பட்டது அது. மையக் கேள்விகள் 22. ஊழியர்களின் அணுகுமுறை, தேடும் தகவல் கிடைப்பது, நூலகம் என்ற இடம் என மூன்று பிரிவுகள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண்கள்: குறைந்தது எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் நிறைவு, இப்போது எவ்வளவு கிடைக்கிறது. கிடைப்பதில் குறைந்தபட்சத்தைக் கழித்து மைனஸ் வந்தால், அங்கே உடனே கை வைக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஒருவர் 66 மதிப்பெண் போட வேண்டும். முன்னோட்டத்திலேயே பலர் பாதியில் 9, 9, 9 என்று இழுத்துவிட்டார்கள். அதனால் லிப்குவாலின் ‘லைட்’ வடிவத்தைப் போல ஆளுக்கு 8 கேள்விகள் மட்டும், மாற்றி மாற்றிக் கொடுத்தோம். விரும்பும் அளவைவிடக் குறைந்தபட்சத்துக்கு அதிக மதிப்பெண் போட்டுக் குழப்பியிருந்த படிவங்களை ஒதுக்கினோம்.

படிவத்தைக் கவுன்டரில் வைத்துக் கொடுக்க வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நூலக ஊழியர் எதிரே நிற்கும்போது யார் குறை சொல்வார்கள்? நூலகத்துக்கே வராதவர்களும் அங்கே சிக்க மாட்டார்கள். வகுப்புகளுக்குப் போனோம், மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பினோம், பெயர் கேட்கவில்லை.

மொத்த சராசரி வழக்கம்போல நன்றாகவே வந்தது. பிரித்துப் பார்த்ததும் கதை மாறியது. ஊழியர்கள் மேல் யாருக்கும் மனக்குறை இல்லை. இளநிலை மாணவர்களுக்கு உட்கார்ந்து படிக்க இடம் போதவில்லை. ஆய்வு மாணவர்களுக்கோ தகவல் பிரிவில் பெரிய மைனஸ். காரணம் எண்களில் இல்லை, கருத்துப் பெட்டியில் கிடந்தது: வெளியிலிருந்து மின்னிதழ்களுக்குள் நுழைய முடியவில்லை என்று ஒருவர் மாற்றி ஒருவர் எழுதியிருந்தார்கள். சந்தா கட்டியும் வீட்டில் திறக்காத இதழால் யாருக்கு என்ன பயன்?

நிர்வாகம் ஒரே ஓர் எண்ணைத்தான் கேட்டது. குழுவாரியான அட்டவணையை முதல் பக்கத்தில் வைத்து, சராசரியைக் கடைசிக்குத் தள்ளினேன். வெளி அணுகலுக்கு ஏற்பாடு நடக்கிறது. அடுத்த சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இதே கேள்விகளை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் வைத்திருக்கிறோம்.