லாங்லி கோடு ஒருவழியாக நிமிர்ந்தது

வெயிலின் புற ஊதாவை அளந்து தலைக்கு மேலுள்ள ஓசோனைக் கணக்கிடும் கருவி என் ஓசோன் மானி. வெயில் கடந்துவரும் காற்றின் அளவுக்கு எதிரே அதன் அளவீட்டின் மடக்கையைக் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும்; அதுதான் லாங்லி வரைபடம். ரொம்ப நாளாக அது மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏறியபின் எடுத்த புள்ளிகள் சமர்த்தாக வரிசையில் நிற்கும். சூரியன் தாழ்வாக இருந்தபோது எடுத்தவை மட்டும் மேலே சுருண்டுகொள்ளும். இந்த வாரம் கோடு நேராகிவிட்டது.

கோளாறு 305 நானோமீட்டர் புற ஊதாவை மட்டும் விட வேண்டிய ஃபில்டரில். சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கசியவிடுகிறது. உச்சி வெயிலில் அது தெரியாது. காலையில் 305-ஐ ஓசோன் பெரும்பாலும் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தாராளமாக வந்து சேரும். ஒளியை மின்னோட்டமாக்கும் சிலிக்கான் டயோடு அதையும் புற ஊதாக் கணக்கில் எழுதிவிடும்.

சோதிக்கச் செலவே இல்லை. ஒரு பாலிகார்பனேட் துண்டைக் குழாய் வாயில் வையுங்கள். புற ஊதா அடைபட்ட பிறகும் மீட்டரில் எண் நின்றால் அத்தனையும் கசிவுதான். என்னுடையதில் கூச்சமே இல்லாமல் நின்றது. அதை அப்படியே கழித்துவிடாதீர்கள். அந்தத் துண்டு சிவப்பிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தடுக்கும்.

கழித்துக்கொண்டே காலம் தள்ளப் பொறுமை இல்லாமல் சிலிக்கான் கார்பைடு டயோடுக்கு மாறினேன். 400-க்கு மேல் அதற்குக் கண்ணே தெரியாது. ஆனால் மின்னோட்டம் துளியூண்டு. அதை அளக்கும் அளவுக்குப் பெருக்க ஒரு கிகா ஓம், அதாவது நூறு கோடி ஓம், ரெசிஸ்டர் வேண்டும். ஜார்ஜ்டவுனில் தேடிச் சலித்து, கோலாலம்பூர் ஜாலான் பாசாரிலும் கைவிரித்த பிறகு ஆன்லைனில்தான் கிடைத்தது. பினாங்குக் காற்றின் ஈரத்தில் போர்டு மேலேயே மின்சாரம் கசியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியை மூடுங்கள். விரல் படவே கூடாது.

“இவ்வளவும் எதுக்கு மாமா?” என்கிறான் அக்கா மகன். ஆக்சிஜனை உடைத்து ஓசோனுக்கு வழிசெய்யும் 242 நானோமீட்டருக்குக் குறைந்த கதிர்கள் தரைக்கு வருவதே இல்லை. மேலே விளையும் ஓசோனை அளந்துதான் அவற்றின் ஏற்ற இறக்கத்தை நாம் ஊகிக்க முடியும். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் மொத்த வெயில் மாறுவது சுமார் 0.1 சதவீதம், 200 நானோமீட்டர் பக்கம் பல சதவீதம். மொத்த ஓசோனில் அது 2, 3 சதவீதமாகத் தெரியும். மொத்த ஓசோனை அளப்பது டாப்சன் அலகில்; நம் தலைக்கு மேலே சுமார் 250. ஆக, ஐந்தாறு அலகுக்குத்தான் இந்த மல்லுக்கட்டு. அதிலும் ஏறக்குறைய 28 மாதத்துக்கொரு சுற்றாகத் திசை மாறிவரும் மேலடுக்குக் காற்று வேறு குட்டையைக் குழப்பும்.

25-ஆம் சுழற்சி 2024-இல் உச்சம் தொட்டு இறங்குகிறது. இறங்கி முடியும்வரை அளப்பதாக உத்தேசம். கருவியின் இன்னொரு ஃபில்டரான 312 நானோமீட்டரை இன்னும் சோதிக்கவில்லை. அதற்குள் வெப்பநிலை சென்சார் ஆசை வந்துவிட்டது. முழு அளவுத்திருத்தத்துக்கு ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட காலைகள்தான் சரி. ஆகஸ்டு, செப்டம்பர் புகைமூட்டத்தை நம்பிக் கருவியை வெளியே எடுப்பதாக இல்லை.