எட்டரைப் பெட்டியும் மூன்று பிள்ளைகளும்

முதன்முறை நாங்கள் மிஷனெரிப் பணித்தளத்துக்குப் போனது 2014இல். அப்போது நானும் என் கணவரும் மட்டும்தான். ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கிட்டார், தமிழ் வேதாகமம் இரண்டு. சபையில் ஜெபித்து அனுப்பினார்கள், விமானம் ஏறிவிட்டோம். இந்த முறை பதினைந்து மாத ஃபர்லோ (பணித்தளத்திலிருந்து ஊருக்கு வரும் நீண்ட விடுப்பு) முடிந்து அதே நாட்டுக்கு, அதே ஊருக்கு, ஏறக்குறைய அதே வீட்டுக்குப் போவதற்கு ஐந்து மாதம் ஆயத்தம் பண்ண வேண்டியிருந்தது. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு, விடுப்புக்கு வந்த இடத்தில் பிறந்த கடைக்குட்டி ஒன்று. வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மறந்துபோவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாட்டின் பெயரைச் சொல்லவில்லை, ஊழியத்தில் இருக்கிறவர்களுக்குக் காரணம் தெரியும். ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் உள்ள பகுதி என்பது மட்டும் போதும்.

நாங்கள் செய்த முதல் தப்பு ஒரு வார்த்தையில் இருந்தது. "திரும்பிப் போறோம்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தோம். எங்களுக்கு அது திரும்பிப் போவதுதான். மகன் அங்கிருந்து வரும்போது அவனுக்கு நாலு வயதுகூட ஆகவில்லை. ஃபோட்டோவில் பார்த்த வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவது? அவனுக்குத் தாத்தா வீடுதான் வீடு. மகளுக்கு நினைவு இருக்கும் என்று நம்பினோம். ஐந்தரை வயதில் அந்த ஊர்ப் பாஷையை என்னைவிட நன்றாகப் பேசியவள். சண்டை போடுவதே அந்தப் பாஷையில்தான்.

அந்த நம்பிக்கை உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களை மாதாமாதம் தாங்குகிற சபைகளில் ஒன்றுக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தோம். ஆராதனை முடியும் நேரம், அன்பான ஒரு பெரியவர் மைக்கை மகளிடம் நீட்டி, "பாப்பா, அந்த ஊரு பாஷையில ஒரு பாட்டு பாடும்மா" என்றார். அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் புடவைத் தலைப்புக்குள் வந்து நின்றுகொண்டாள். எல்லாரும் கைதட்டினார்கள், அது இன்னும் மோசம். காரில் ஏறியதும்தான் அழுதாள். "எனக்கு மறந்துபோச்சும்மா. அங்க போனா யாருகூடயும் பேச முடியாது." அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரு முடிவெடுத்தோம்: இனி பிள்ளைகளை மேடை ஏற்றுவதில்லை, யார் கேட்டாலும். ஒரு சபையில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

இனி ஓடி அலைந்த கதை.

பயணத் தேதியை விசாவோ டிக்கெட் விலையோ தீர்மானிக்கும் என்று நினைத்திருந்தோம். தீர்மானித்தது கைக்குழந்தையின் கை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை ஒன்பது மாதம் நிறையாமல் வழக்கமாகப் போடுவதில்லை. தட்டம்மை தடுப்பூசியும் அவளுக்கு ஒன்பதாம் மாதத்தில்தான் போட வேண்டியிருந்தது. இரண்டுமே உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிப்பவை, நடுவில் நாலு வாரமாவது இடைவெளி இருப்பது நல்லது என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அந்த ஊசிக்கான பயணச் சான்றிதழ் செல்லும். இருபத்தெட்டும் பத்தும் முப்பத்தெட்டு. ஒன்பது மாதம் நிறைந்த நாளிலிருந்து முப்பத்தெட்டு நாளை நாட்காட்டியில் விரலால் எண்ணி அங்கே ஒரு வட்டம் போட்டோம். அதற்கு முன்னால் யார் எந்தத் தேதியில் டிக்கெட் மலிவு என்று சொன்னாலும் காதில் வாங்கவில்லை.

எங்கள் இருவரின் மஞ்சள் அட்டைகள், அதாவது அந்த ஊசிச் சான்றிதழ்கள், வேறொரு பயத்தைக் கொடுத்தன. 2014இல் போட்டது, பத்து வருஷம் என்று அதிலேயே கையால் எழுதியிருந்தார்கள். அந்தத் தேதி தாண்டிவிட்டது. ஆனால் சர்வதேசச் சுகாதார விதிமுறைகளில் கொண்டுவந்த திருத்தப்படி 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய அட்டைகளுக்கும் அது பொருந்தும். விமான நிலையக் கவுண்டரில் இருக்கிறவருக்கு இது தெரிந்திருக்குமா என்பதுதான் கவலை. உலக சுகாதார அமைப்பின் அறிவிப்பை அச்செடுத்து அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். கடைசியில் யாரும் கேட்கவே இல்லை. இருந்தாலும் மறுபடி போனால் மறுபடி அச்செடுப்பேன்.

மலேரியா மாத்திரையில் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு அளவு வயதைப் பார்த்து இல்லை, எடையைப் பார்த்துதான். போன தடவை வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு அதே அளவு கேட்காதீர்கள். பதினைந்து மாதத்தில் மகள் நாலரைக் கிலோ ஏறியிருந்தாள். பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் டாக்ஸிசைக்ளினை எட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்தாகக் கொடுப்பதில்லை. வாரத்துக்கு ஒன்று போடும் மெஃப்ளோகுவின் சிலருக்குக் கெட்ட கனவு கொடுக்கும் என்பதால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே ஆரம்பித்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள். கனவு வந்தது எனக்குத்தான், அதற்கு மாத்திரையைக் குறை சொல்ல முடியாது.

பாஸ்போர்ட்டில் மகன் மாட்டிக்கொண்டான். பிறந்த சில மாதத்தில் எடுத்தது, சிறுவர்களுக்கு ஐந்து வருஷம்தான் கொடுக்கிறார்கள். நாங்கள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டின் விதி. எண்ணிப் பார்த்தால் ஐந்து மாதமும் சொச்சமும். புதுப்பித்தோம். புதுப்பித்ததால் எண் மாறியது. எண் மாறியதால் ஏற்கெனவே நிரப்பி அனுப்பியிருந்த விசா மனுவில் அவனுடைய பக்கம் மட்டும் மறுபடி முதலிலிருந்து. முதலில் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் விரித்து வைத்துத் தேதி பார்த்துவிட்டுத்தான் மற்ற எதையும் தொட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லாமல் இல்லை. சொன்னார்கள், என் பாஸ்போர்ட்டையும் அவருடையதையும் மட்டும் பார்த்தேன்.

கைக்குழந்தையின் பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தரையில் விரித்து, அதன் நடுவில் அவளைப் படுக்க வைத்து, மகளை என் தோளுக்கு மேலிருந்து கிலுகிலுப்பை ஆட்டச் சொல்லி, நான் நாற்காலி மேல் நின்று எடுத்தேன். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், வேறு யார் கையும் படத்தில் தெரியக் கூடாது. அறுபத்தி மூன்று படம். தேறியது ஒன்று, அதிலும் யாரையோ கைது செய்யப் போகிற மாதிரி முறைக்கிறாள்.

சான்றிதழ்கள் கதையைச் சுருக்குகிறேன். திருமணச் சான்றிதழ், மூன்று பிறப்புச் சான்றிதழ், காவல்துறைச் சான்றிதழ். போகிற நாடு 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடாக இருந்தால் சான்றிதழ் உண்மையானது என்று காட்டும் அப்போஸ்டில் முத்திரை ஒன்றோடு வேலை முடியும். இல்லாவிட்டால் தூதரகம் வரை ஏறி இறங்க வேண்டும். எங்களுக்கு இரண்டாவது வகை. எல்லாம் வந்து, நாலு பேருக்கு விசாவும் வந்து, கைக்குழந்தைக்கு மட்டும் பதினேழு நாள் வரவில்லை. தினமும் ஃபோன் பண்ணினோம். தினமும் வேறு வேறு ஆள், ஒரே பதில். பத்து மாதக் குழந்தையை விட்டுவிட்டு நாங்கள் எப்படிப் போவோம் என்று கேட்டேன். "அது தனி ஃபைல் மேடம்" என்றார் ஒருவர்.

வீட்டில் அதைவிடக் கஷ்டமான ஒரு ஃபைல் இருந்தது. என் அம்மா.

இந்த மாதிரி இடம்பெயரும் குடும்பங்களுக்காக டேவிட் பொல்லாக் என்பவர் சொல்லிவைத்த ஒரு வழி உண்டு, மிஷனெரி வட்டாரங்களில் ராஃப்ட் என்பார்கள். மிதவை என்று அர்த்தம், நாலு கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. மனத்தாங்கல் உள்ளவர்களோடு ஒப்புரவாவது, நன்றியை வாய்விட்டுச் சொல்வது, ஆட்களிடமும் இடங்களிடமும் முறையாக விடைபெறுவது, போகிற இடத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பது. கூட்டங்களில் இதை நானே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அம்மாவோடு ஒரே சமையலறையில் நின்றுகொண்டு மூன்று மாதம் அந்த முதல் கட்டையைத் தொடாமலே ஓட்டினேன். அவர்கள் போகிற பேச்சை எடுக்க மாட்டார்கள், நானும் எடுக்க மாட்டேன். ஒரு நாள் கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்கள்: "நீ போ. உனக்கு அழைப்பு இருக்கு. இந்தப் பச்சப்பிள்ளைக்கு என்ன அழைப்பு இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. அன்றைக்கு வேதவசனம் எதுவும் சொல்லாமல் இருந்தது மட்டும் நான் செய்த சரியான காரியம் என்று நினைக்கிறேன். "தெரியலம்மா" என்றேன். அவர்கள் பவுடர் டப்பாவைக் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு போகிற பேச்சு வீட்டில் சகஜமாக வந்தது. வாரத்தில் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வீடியோவில் பேசுவது என்று அம்மாவே தீர்மானித்தார்கள்.

விடைபெறுவதில் எனக்குக் கற்றுக்கொடுத்தவன் மகன். ஆட்களுக்கு டாட்டா சொல்ல மறுத்துவிட்டான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டின் ஏழாவது படி, தாத்தாவின் அறையில் சத்தம் போடுகிற ஃபேன், இவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொன்னான். தாத்தா அவனோடு கூடவே போய், ஃபேனை ஒரு தடவை போட்டு நிறுத்தினார்.

பெட்டிக்கு வருகிறேன். நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 23 கிலோ. மடிக்குழந்தைக்கு எங்கள் டிக்கெட்டில் பத்துக் கிலோ. ஆக எட்டரைப் பெட்டி. பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். அதன் திறன் 100 வாட்-மணிக்குள் (Wh) இருந்தால் பிரச்சினை இல்லை. மின்சாரம் அடிக்கடி போகிற இடம் என்பதால் எங்களுக்கு இது முக்கியம். இருபதாயிரம் மில்லி ஆம்ப்-மணி (mAh) உள்ளது கணக்குப்படி 74 வாட்-மணிதான் வரும், தைரியமாகக் கொண்டுபோகலாம்.

நான் அதிகம் மூளையைச் செலவழித்தது ஷூவில். அங்கே பிள்ளைகள் அளவில் நல்ல ஷூ கிடைப்பது கஷ்டம். அடுத்த ஃபர்லோவுக்கு மூன்று வருஷம். பழுப்புத்தாளில் இரண்டு பேர் பாதத்தையும் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்தேன். கூச்சத்தில் மகன் காலை இழுத்துக்கொண்டே இருந்ததால் அவன் பாதத்துக்கு ஆறு விரல் மாதிரி வந்தது. அதற்கு வெளியே ஒரு கோடு, அதற்கு வெளியே இன்னொரு கோடு. ஆளுக்கு நாலு சைஸ் வாங்கினோம். பெரிய ஷூவுக்குள் சின்ன ஷூ, சின்ன ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் மருந்துக்குப்பி. அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை உண்டு.

கடைசி வாரத்தில் ஒரு குழப்பம். அவருடைய புத்தகப் பெட்டியைத் தொங்குதராசில் மாட்டினால் ராத்திரி 22.8 காட்டும். காலையில் 19. மறுபடி ஏதாவது வைத்து நிரப்புவோம், மறுநாள் காலை மறுபடி குறையும். தராசு கெட்டுவிட்டது என்று புது பேட்டரிகூடப் போட்டார். மூன்றாம் நாள் துணி அலமாரிக்குப் பின்னால் பதினொரு புத்தகங்கள் கிடைத்தன. மகனைக் கேட்டோம். "அப்பா புக் இல்லன்னா அப்பா போக மாட்டாங்க" என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பதினொன்றில் நாலை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தாத்தா அலமாரியில் அடுக்கி, "இது இங்கயே இருக்கட்டும், நாம வந்து எடுத்துக்கலாம்" என்றார். எடை போட்டுக் கணக்குப் பண்ணின ஐந்து மாதத்தில் மகன் சிரித்த ஒரு முடிவு அதுதான்.

1950களில் ரூத் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோதுதான் இப்படி வளரும் பிள்ளைகளுக்கு மூன்றாம் கலாச்சாரப் பிள்ளைகள் என்று பெயர் வைத்தார். அன்று நம் ஊருக்கு வந்தவர்களின் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது, இன்று இங்கிருந்து போகிற என் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ நான் மூணாவதா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ரேங்க் சொல்கிற நினைப்பு.

பயணம் பயணம் மாதிரியே இருந்தது. கைக்குழந்தை தூங்கினாள், மகன் வாந்தி எடுத்தான், எட்டரைப் பெட்டியில் எட்டு வந்தது. வராதது பத்துக் கிலோப் பெட்டி, ஐந்து நாள் கழித்துக் கிடைத்தது.

முதல் மூன்று நாள் மகள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண், முன்பு இவளோடு தினமும் சண்டை போட்டவள், வாசலில் வந்து நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். இவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், அவ்வளவுதான். நாலாம் நாள் காலை நான் கொசுவலை கட்டிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு கத்தல். எட்டிப் பார்த்தால் என் மகள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்த ஊர்ப் பாஷையில், முழு வாக்கியமாக, பந்து தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இலக்கணம் தப்பு. குரல் பழைய குரல்.

பின்னாலேயே தம்பியும் போய்விட்டான். அன்றிலிருந்து இரண்டு பேரும் அங்குள்ள பிள்ளைகளைப் போலவே வெறுங்காலோடு மண்ணில் ஓடுகிறார்கள். கொக்கிப்புழு வரும், ஷூ போடுங்கள் என்று நான் திண்ணையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். நாலு சைஸும் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்றாக.