கொடுத்தாயிற்று

"நான்தான் கொடுத்துவிட்டேனே, மறுபடி எதற்குக் கேட்கிறீர்கள்?" என்றார் போனில், எங்களிடம் கணக்கு வைத்திருக்கும் ஒரு பெரியவர். பணத்தை எந்த ஊழியத்துக்கு அனுப்பலாம் என்றுதான் கேட்டிருந்தேன். கோபமில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

சட்டப்படி அவர் சொன்னது சரி. நன்கொடையாளர் ஆலோசனை நிதி (donor-advised fund) என்பது எங்களைப் போன்ற தொண்டு நிறுவனம் வைத்து நடத்தும் தானக் கணக்கு. அதில் பங்குகளைப் போட்ட அன்றே அது தானம். வரிச் சலுகையும் அந்த வருடக் கணக்கிலேயே வந்துவிடும். எந்த ஊழியத்துக்கு, எப்போது என்று பிறகு பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். தனியார் அறக்கட்டளை என்றால் அமெரிக்கச் சட்டப்படி வருடத்துக்குச் சுமார் 5 சதவீதம் வெளியே போயாக வேண்டும். இந்தக் கணக்குகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கம்பெனியை விற்பதற்கு முன்னால் ஒரு டிசம்பரில் பங்குகளை எங்களிடம் மாற்றினார். அதற்கப்புறம் மூன்று வருடம் ஒரு பரிந்துரையும் வரவில்லை.

"ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். எங்கள் வட்டாரத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சரி என்று போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் என் குழுவில் இருந்த இளம்பெண், பணத்தை எங்கே அனுப்பலாம் என்று பரிந்துரைக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தாள். அசையாமல் கிடக்கும் எல்லாக் கணக்குகளுக்கும் அனுப்ப வேண்டுமாம். நான்தான் நிறுத்தினேன்.

"வேதாகமத்தில் யோசேப்பு எகிப்தில் ஏழு வருடம் தானியம் சேர்த்துவைக்கவில்லையா?" என்றேன்.

"பஞ்சம் வந்ததும் களஞ்சியத்தைத் திறந்தானே." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அவர் கொடுத்துவிட்டார் என்றால் பணம் இப்போது யாருடையது?"

"நம்முடையது."

"அப்படியானால் கொடுக்காமல் வைத்திருப்பது யார்?"

சிரித்துச் சமாளித்தேன். நெருக்கினால் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன். அது பொய்யில்லை. பொறுமையாக இருந்து, ஒரே தவணையில் ஒரு வேதாகம மொழிபெயர்ப்பு முழுவதற்கும் கொடுத்தவரையும் பார்த்திருக்கிறேன். வயதானவரை அவசரப்படுத்துவது உக்கிராணத்துவமா, கடவுள் ஒப்படைத்ததைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வதா? இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஆனால் எங்கள் கட்டணம் கணக்கில் இருக்கும் தொகைக்கு இத்தனை சதவீதம் என்பது. பணம் போனால் அதுவும் குறையும். அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. நீண்ட நாள் அசையாத கணக்கிலிருந்து நாமே அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட உண்டு. நான் வேலைக்கு வந்ததிலிருந்து அதை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

எங்கள் ஆச்சி உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைப் பெட்டியில் போடுவாள். அப்புறம் அது என்ன ஆயிற்று என்று கேட்கவே மாட்டாள். கொடுத்தது கொடுத்ததுதான். அந்தப் பெரியவரும் அப்படித்தானே என்று பல நாள் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஆச்சியின் அரிசி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விடும். மூன்று வருடம் வைத்திருந்தால் வண்டு விழுந்திருக்கும்.

அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். கடிதம் என் கணினியில் இருக்கிறது, இரண்டு வரி மென்மையாக்கி வைத்திருக்கிறேன். போன மாதம் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன். மார்க்கெட் ஏறியதில் தொகை நன்றாகவே வளர்ந்திருந்தது. பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.