கூரை இரண்டாவது அங்கம்

மலேசியாவில், பகாவ் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி வாரியத்துக்கு நான் செயலாளர். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கூட்ட நிரல் உட்பட எழுத்து வேலை எல்லாம் என் தலையில்தான்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி எங்களைப் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு நிர்வாக வாரியம் இருந்தாக வேண்டும். இருக்கிறது, கூடுகிறது. ஆனால் பழைய நிகழ்ச்சி நிரல்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு: இறைவணக்கம், தலைவர் உரை, சென்ற கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை, கடைசியில் ‘பள்ளிக் கட்டடம்’. அதற்கு வருவதற்குள் மில்லில் இரவு ஷிப்டு உள்ளவர் எழுந்து போய்விடுவார்.

‘பள்ளிக் கட்டடம்’ என்று எழுதினால் ஆளுக்கொரு பழங்கதை வரும். இப்போது ‘பின்கட்டடக் கூரை வேலையை எந்தக் குத்தகையாளரிடம் கொடுப்பது?’ என்று கேள்வியாகவே எழுதுகிறேன். பேசப்போகிறவர் பெயர், இருபது நிமிடம் என்ற குறிப்பு, கூடவே கொட்டேஷன்கள். ஒரு வாரம் முன்னதாக எல்லாம் வாட்ஸ்அப்பில் போய்விடும். எங்கள் பள்ளி நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. கட்டடத்தில் கை வைக்க தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். அது கையில் வராவிட்டால் கூரை நிரலில் ஏறாது. கடிதமில்லாமல் பேசி என்ன பயன்?

முக்கியமானதை முதலில் வை என்பார்கள். எங்கள் ஊருக்கு அது ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் போய்விட்டு ஒவ்வொருவராக வருவார்கள். அதனால் முதல் பத்து நிமிடம் சென்ற கூட்டக் குறிப்புக்கு. முழுக்க வாசிப்பதில்லை, திருத்தம் உண்டா என்று கேட்பதோடு சரி. அதற்குள் கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேர்ந்துவிடும். அப்புறம் கூரை.

கணக்கறிக்கையையும் அப்படியே சுருக்கலாம் என்றேன். பொருளாளர் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. “பணத்த வாய்விட்டுப் படிக்கணும் தம்பி, கேக்குறவங்க கேக்கட்டும்.” அவர் சொல்வதும் நியாயம்தான், பாதிப் பணம் தோட்டத்து மக்கள் கொடுத்தது. கூரைக்குப் பிறகு அவருக்குக் கால் மணி நேரம்.

‘இதர விவகாரங்கள்’ பகுதியில் எதையாவது கிளப்ப வேண்டுமானால் இரண்டு நாள் முன்பே தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தில் திடீரென்று எழுந்தால் குறித்துக்கொள்வோம், முடிவு அடுத்த கூட்டத்தில். சிற்றுண்டிச்சாலை வாடகை இப்படியே இரண்டு கூட்டம் தள்ளிப்போய்விட்டது. கேட்டவருக்கு என்மேல் இன்னும் கோபம். பரவாயில்லை, அடுத்த நிரலில் இரண்டாவது அங்கம் அதுதான்.