9 மில்லிமீட்டர் ஆட்டம்

என்னிடம் இருக்கும் 1:10 அளவு ரிமோட் ட்ரக், வாங்கி ஒன்றரை ஆண்டு கழிந்த நிலையில், நேராக ஓடுவதை மறந்துவிட்டது. இடப்பக்கம் திருப்பிவிட்டு ஸ்டீயரிங்கை நடுவுக்கு விட்டால், சற்றே இடப்பக்கம் சாய்ந்து ஓடும். வலப்பக்கம் திருப்பிவிட்டு விட்டால் வலப்பக்கம் சாயும். ரிமோட்டில் சக்கரங்களின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் ட்ரிம்மை எந்தப் பக்கம் நகர்த்தினாலும், ஒரு திருப்பத்துக்குச் சரியாகி அடுத்த திருப்பத்துக்குத் தவறாகிவிடும். எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கும் வண்டிக்குத்தான் ட்ரிம் மருந்து. கடைசியாகத் திரும்பிய பக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கும் வண்டிக்கு நோய் இணைப்புகளின் தளர்வில், அதாவது ஆட்டத்தில், இருக்கிறது. இது தெரியாமல் இரண்டு வாரம் ட்ரிம்மோடு மல்லுக்கட்டினேன்.

அடுத்து நான் செய்தது அதைவிடப் பெரிய தவறு. சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்ப் பெட்டிதான் சர்வோ; அதைக் காக்கும் சர்வோ சேவரின் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையத்தை, இனிமேல் திரும்பாது என்னும் வரை முறுக்கினேன். சர்வோ சேவர் என்பது ஸ்பிரிங் வைத்த ஒரு சிறிய விட்டுக்கொடுப்பு: சக்கரம் கல்லில் மோதும்போது அந்த அதிர்ச்சி சர்வோவின் பற்சக்கரங்களுக்குப் போகாமல், அது ஒரு நொடி நழுவிக்கொடுத்து மீண்டும் தன் இடத்துக்கு வரும். அதை இறுக்கிப் பூட்டினால் அடி முழுவதும் நைலான் பற்களின் மீதுதான் விழும். மூன்றாவது தாவலில் வண்டி முன் சக்கரம் குத்தி இறங்கியதும் சர்வோவுக்குள் 'கரகர' என்று சத்தம் கேட்டது; இரண்டு பற்கள் போயிருந்தன. உலோகப் பற்சக்கரங்கள் கொண்ட 20 கிலோ சர்வோ ஒன்றை வாங்கி மாட்டினேன். (அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில் 20 கிலோ எடையைத் தாங்கக்கூடிய முறுக்குவிசை என்பதுதான் அதற்குப் பொருள். 20 கிலோவைத் தூக்கி ஓடும் என்று என்னைப்போல நினைத்துவிட வேண்டாம்.) சர்வோ புதிதாயிற்று, ஆட்டம் மட்டும் பழையபடியே இருந்தது.

நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்த என் மாமா அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். மேசையில் பிரித்துக் கிடந்த வண்டியைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "இதுலயும் கிங்பின், டை ராட் எல்லாம் இருக்கே" என்று வியந்தார். (கிங்பின் என்பது சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணி; டை ராட் என்பது அதைத் தள்ளியிழுத்துத் திருப்பும் தண்டு.) பிறகு, "பார்ட்டை மாத்தறதுக்கு முன்னாடி ஆட்டம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாரு மாப்ளே" என்றார். லாரியில் ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் சிறிதளவு அசைக்க, மற்றொருவர் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பின் மீதும் விரல் வைத்துப் பார்ப்பார். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, அங்கேதான் தேய்மானம். இதே முறையைத் தலைகீழாகச் செய்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது: சர்வோவை நிலையாக நிறுத்திவிட்டு, சக்கரத்தை அசைப்பது.

இதற்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வண்டியை ஒரு கட்டையின் மேல் வைத்து, நான்கு சக்கரமும் தரையில் படாதபடி செய்து, முதலில் ரிமோட்டையும் பிறகு வண்டியையும் இயக்கினேன். வண்டியில் ரிமோட்டின் சைகையைப் பெறும் ரிசீவர் 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை அனுப்பும் துடிப்பின் நீளம் 1.5 மில்லிவினாடியாக இருக்கும்போது சர்வோ நடுநிலையில் நிற்கும். கையால் தள்ளினாலும் எதிர்த்து அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் இல்லாமல் சோதித்தால் சர்வோவின் பற்சக்கரங்களும் சேர்ந்து சுழலும், எது ஆட்டம் எது சுழற்சி என்று பிரித்தறிய முடியாது. டயரின் முன்விளிம்புக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி, ஸ்பிரிங் எதிர்க்கத் தொடங்கும் இடம் வரை மட்டும் மெதுவாக அசைத்தேன். 9 மில்லிமீட்டர் வந்தது.

அந்த எண் முதலில் என்னைத் திகைக்க வைத்தது. பிறகு கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கிங்பின்னிலிருந்து டயரின் விளிம்பு ஐந்தரை செ.மீ. தொலைவில் இருக்கிறது; டை ராட் வந்து சேரும் ஸ்டீயரிங் கையோ 2 செ.மீ.கூட நீளமில்லை. ஆகவே இணைப்பில் உள்ள ஒவ்வொரு மில்லிமீட்டரும் டயரில் ஏறக்குறைய மூன்றாகப் பெருகித் தெரிகிறது. உள்ளே உண்மையில் இருந்தது 3 மில்லிமீட்டர்தான், அதுவும் ஐந்தாறு இடங்களில் பங்கு போட்டுக்கொண்டு. ஒரே குற்றவாளியைத் தேடியதால்தான் நான் சர்வோவைக் கொன்றேன்.

சர்வோவிலிருந்து தொடங்கிச் சக்கரம் வரை விரல் வைத்துக்கொண்டே போனேன். சர்வோவைச் சட்டத்தோடு பிணைக்கும் நான்கு திருகாணிகளும் உறுதியாக இருந்தன. சர்வோவின் அச்சில் மாட்டும் சிறு கையான ஹார்னில் முதல் குறை தெரிந்தது. புதிய சர்வோவின் அச்சிலும் பழையதைப் போல 25 பற்கள் என்பதால், பழைய பிளாஸ்டிக் ஹார்னையே எடுத்து மாட்டியிருந்தேன். அதன் உட்பற்கள் எப்போதோ நடுத்திருகாணி தளர்ந்த காலத்தில் மழுங்கியிருந்தன. அலுமினிய ஹார்ன் ஒன்றைப் பொருத்தினேன். ட்ரிம்மைச் சுழியத்தில் வைத்து, சர்வோ நடுநிலையில் நிற்கும்போதே, இணைப்புத் தண்டுக்குச் செங்குத்தாக ஹார்னை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். உலோகத்தில் இறங்கும் திருகாணி என்பதால் ஒரு துளி நீல நிறத் திருகுப் பசை இட்டேன். அந்தப் பசை பிளாஸ்டிக்கில் படக்கூடாது; சில வகைப் பிளாஸ்டிக் அதனால் வெடித்துவிடும். இப்போது அளவு 7.

பெரிய பங்கு, சர்வோவின் அசைவை டை ராட்களுக்குக் கடத்தும் சுழல் கைகளான பெல்கிராங்குகளில் இருந்தது. என் வண்டியில் இரண்டு பெல்கிராங்குகள் இரண்டு எஃகுத் தூண்களின் மேல் சுழல்கின்றன. நடுவே ஒரு குறுக்குத் தண்டு இரண்டையும் இணைக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அவற்றின் மேலும் கீழும் இருந்தவை தூணைச் சூழ்ந்திருக்கும் பிளாஸ்டிக் வளையங்களான புஷ்கள். எங்கள் பக்கத்துக் காலி மனையின் செம்மண் புழுதி உள்ளே புகுந்து, வட்டத் துளைகளை நீள்வட்டமாக அராவியிருந்தது. அதில் நான் தாராளமாக விட்டிருந்த தையல் மிஷின் எண்ணெயும் சேர்ந்துகொண்டது. எண்ணெயில் ஒட்டிய புழுதி உப்புத்தாளின் வேலையைச் செய்யும் என்பதை அந்தக் கறுப்புக் குழம்பை வழித்தெடுத்தபோதுதான் உணர்ந்தேன். புஷ்களை எறிந்துவிட்டு, உள்விட்டம் 5, வெளிவிட்டம் 8, தடிமன் 2.5 மில்லிமீட்டர் உள்ள, இருபுறமும் ரப்பர் மூடியிட்ட பால் பேரிங்குகள் நான்கை அழுத்திப் பொருத்தினேன். மேலும் கீழுமாக எஞ்சிய அசைவுக்குத் தூண் ஒன்றுக்கு ஒரு 0.2 மில்லிமீட்டர் வாஷர் போதுமானதாக இருந்தது. இரண்டு போட்டுப் பார்த்தபோது பெல்கிராங்க் இறுகிக்கொண்டதால் ஒன்றைக் கழற்றினேன். அளவுகோலில் மூன்றரை.

மீதி, டை ராட்களின் நுனியில் உள்ள பந்து மூட்டுகள். பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்து, உலோகப் பந்து உள்ளே குலுங்கியது. புதிய நுனிகள் வந்து சேரும் வரை, காய்கறிக் கடைப் பாலித்தீன் பையில் நகமளவு வெட்டி, பந்தின் மேல் போர்த்திக் கிண்ணத்தை அழுத்தி மாட்டினேன். ரிமோட் வண்டி ஓட்டுபவர்களிடையே பழகிய உத்திதான். சில நாள் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. புதிய நுனிகளை மாற்றும்போது இரண்டு தண்டுகளின் நீளத்தையும் சமமாக வைத்து, முன்சக்கரங்கள் மிகச் சிறிதளவு உள்நோக்கி இருக்குமாறு முறுக்கினேன். நேர் ஓட்டத்துக்கு அது உதவும். தண்டின் ஒரு முனையில், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுகும் இடமறை இருப்பதால், கழற்றாமலே நடுவில் சாவியிட்டு நீளத்தை மாற்றலாம். கிங்பின் திருகாணிகள் பிளாஸ்டிக்கில் இறங்குபவை. அவற்றைத் திரும்ப மாட்டும்போது முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றி, 'டக்' என்று பழைய மறையில் விழுந்த பிறகே உள்ளே முறுக்க வேண்டும். நேரடியாக முறுக்கினால் புது மறை வெட்டிக்கொண்டு, அடுத்த முறை திருகாணி பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும் பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது, அதை நான் தவற விடுவதில்லை. சர்வோவின் இணைப்புத் தண்டை மட்டும் கழற்றிவிட்டு, வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். சக்கரங்கள் தம் எடையாலேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு விழ வேண்டும். எங்காவது தயங்கினால் ஆட்டத்தை ஒழிக்கும் ஆர்வத்தில் எதையோ அதிகமாக இறுக்கிவிட்டோம் என்று பொருள். இறுக்கம் உள்ள ஸ்டீயரிங்கும் நடுவுக்குத் திரும்பாது, ஆட்டம் உள்ளதைப் போலவே அலையும். அதோடு சர்வோ ஓயாமல் முனகிச் சூடாகும். கடைசியாகச் சர்வோ சேவரின் வளையத்தைத் தளர்த்தி, வண்டி சிமெண்டுத் தரையில் நிற்கும்போது முழுத் திருப்பம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, அங்கிருந்து கால் சுற்று கூட்டினேன்.

இப்போது 2 மில்லிமீட்டர். அது சர்வோவின் பற்களுக்கு இடையிலும் மூட்டுகளிலும் இருந்தே ஆக வேண்டிய இடைவெளி என்பதால் விட்டுவிட்டேன். மொட்டை மாடியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு மகள் ஓட்டினாள். இடம் திரும்பி வந்தபோதும் வலம் திரும்பி வந்தபோதும் வண்டி கோட்டின் மேலேயே போயிற்று. பத்து வாரமாகிறது, ட்ரிம்மைத் தொடவில்லை. வலது டை ராட்டின் வெளிநுனி மட்டும் மறுபடி லேசாகக் குலுங்கத் தொடங்கியிருக்கிறது. பொட்டலத்தில் இன்னும் இரண்டு நுனிகள் மீதி இருக்கின்றன.