ஒன்பது கோல் வாங்கியவன்

எங்கள் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளனை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெயர் வேண்டாம். ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கியவன் என்றால் போதும். அதில் ஏழு அவனுடைய வலது மூலைக்குள். (அன்று அவனுக்கு முன்னால் தடுக்க நின்றவன் நான் என்பதை மட்டும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். நல்லது.)

சென்ற கோடையில் இருவருமாக ஸ்கொட்லாந்துக்கு ரயில் பயணம் போனோம். மலை பார்க்கப் போகிறோம் என்றுதான் வீட்டில் சொன்னது.

கிளாஸ்கோவில் ஏறினால் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊருக்குக் கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம். ரன்னொக் சதுப்பு நிலத்தில் மரவேரும் சுள்ளியும் மண்ணும் போட்டு நிரப்பிய மெத்தைக்கு மேலேதான் தண்டவாளம் ஓடுகிறது. நான் சன்னலோரம் வாய் பிளந்திருக்க, அவன் கைபேசியை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை.

"மச்சான், ஃபோர்ட் வில்லியம் அணிக்காரர் 2018-19 இல 34 லீக் ஆட்டத்தில 245 கோல் வாங்கியிருக்கிறாங்களடா!"

அந்தப் பருவத்தில் அவர்களுக்கு லீக்கில் ஒரு வெற்றிகூட இல்லை, இரண்டு சமநிலை மட்டும். விதிமீறலுக்காக 9 புள்ளி பறிபோனதில் கடைசிக் கணக்கு மைனஸ் 7. மொத்தம் 840 நாள் வெற்றியே காணாமல் இருந்துவிட்டு, 2019 யூலையில் நெய்ர்ன் கவுண்டியை 5-2 என்று வென்றார்கள். அந்த இடம் வந்ததும் அவன் கைதட்டியதில் எதிர் இருக்கைக்காரர் திடுக்கிட்டுவிட்டார்.

நிலையத்திலிருந்து அந்த அணியின் கிளாகன் பார்க்குக்கு நடந்தே போனோம். 1,345 மீற்றர் பென் நெவிஸ் மலையின் அடிவாரத்தில் சின்ன மைதானம். அன்று ஆட்டம் இல்லை. வேலியில் கைவைத்து கோல் கம்பத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ தத்துவம் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"245 கோல் வாங்கின அந்தக் கோல் காப்பாளப் பொடியனுக்கு முன்னால தடுக்க நின்றது ஆராம்?" என்றான்.

நான் மலையைப் பார்த்தேன்.

அப்புறம் கிளென்ஃபின்னனின் 21 வளைவுப் பாலம், மாலேக் துறைமுகம் வரை ரயில், படகேறி ஸ்கை தீவு, அங்கிருந்து பஸ்ஸில் கைல் என்ற ஊர். அழகில் எது என்றால், கைலிலிருந்து டிங்வாலுக்குக் கடலோரமாகப் புறப்படும் ரயில் பாதைக்குத்தான் என் வாக்கு, கிளென்ஃபின்னன் பாலத்துக்குக் கூட்டம் அதிகம். டிங்வால் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ரொஸ் கவுண்டி அணியின் விக்டோரியா பார்க் மைதானம். ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் வந்து இருந்தாலும் இருக்கை மிஞ்சும். 2016 இல் லீக் கிண்ணம் வென்ற அணி என்று சொன்னேன். "வென்றவங்களை ஏன் பாக்கிறது" என்று அவன் உள்ளே எட்டிப்பார்க்கக்கூட இல்லை.

இத்துடன் அனுப்பியிருக்கும் படம் கிளாகனில் எடுத்தது. வேலிக்கு முன்னால் கையை விரித்து நிற்பவன் அவன்தான். வலது மூலையை இன்னும் திறந்துதான் விட்டிருக்கிறான்.