மீன மாத (மலையாளப் பங்குனி) செண்டை மேளக் குறிப்பு: கேரளத்தின் கொல்லங்கோட்டிலிருந்து

மீனம் 4

வேல, பூரம் என்ற கோயில் திருவிழாக்கள் இனி அடுத்தடுத்து வரும். தோல் மாற்றவேண்டிய செண்டைகளை (தோளில் தொங்கவிட்டுக் கொட்டும் இருமுக மேளங்களை) இதற்குமேல் வைத்திருந்தால் பெருவெம்பில் முறை கிடைக்காது. அங்கே தோல்கருவி செய்யும் குடும்பங்களுக்கு இந்த மாதம் கை ஓயாது.

செண்டை திரும்பி வரும்போது முதலில் பார்க்கவேண்டியது வலந்தலை, அதாவது வலது முகம். இடது முகமான இடந்தலைக்கு ஒன்றோ இரண்டோ தோல்தான். வலந்தலைக்கு ஐந்து முதல் ஏழு அடுக்கு, பனச்சங்காய் என்ற காயின் பசையில் ஒட்டியது. நடுவே ஓர் அடுக்கு ஒட்டாமல் காற்று தங்கினால், ‘தொம்’ என்று விழவேண்டிய அடி ‘தப்’ என்று செத்துப்போகும். விரல் முட்டியால் ஓரத்திலிருந்து நடுவரை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் அந்த இடம் அகப்படும். தோலைப் பிடிக்கும் வளையத்தையும் விடக்கூடாது. மூங்கிலையோ பனையையோ வேகவைத்து வளைத்தது அது. ஒரு பக்கம் கோணினால் எவ்வளவு கயிறு இழுத்தாலும் சுருதி நிற்காது.

மீனம் 9

பஞ்சாரி என்ற செண்டை மேளத்துக்கு ஒத்திகை. ஐந்து காலங்களில், அதாவது வேகப் படிகளில், ஒரு தாளச் சுற்றின் அட்சரக் கணக்கு 96, 48, 24, 12, 6. கூட்டம் கை உயர்த்தக் காத்திருப்பது அஞ்சாம் காலத்துக்கு. ஆனால் மேளம் தேறுமா தேறாதா என்பது முதல் காலமான 96-இலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே அடிக்கும் அடிக்கும் நடுவே இடைவெளி அதிகம். தாளம் காக்கும் பின்வரிசைச் செண்டை அதைப் பொறுக்காமல் துளித்துளியாக முந்தும்; அந்த நேரத்தில் யார் காதிலும் படாது. இரண்டாம் காலம் மூன்றாம் காலம் மாதிரி ஓடும். ஆறு அட்சரத்துக்கு வரும்போது, முன்வரிசையில் உருட்டி வாசிக்கும் உருட்டுச் செண்டைக்காரரின் மணிக்கட்டு சுழல இடமே இருக்காது. வேகம் இருக்கும், அடியின் எழுத்து தெளியாது.

இதற்கு ஒரே வழி, உருட்டும் குழலும் கொம்பும் இல்லாமல், பின்வரிசையின் வலந்தலைச் செண்டையும் இலத்தாளமும் (கைத்தாளமும்) மட்டும் முதல் காலத்தைத் தனியாகக் கொட்டிப் பழகுவது. அலுப்பான வேலைதான். ஆனால் பின்வரிசை பழகிய மேளத்தைத் தூரத்தில் கேட்டாலே தெரியும், அவ்வளவு நிதானம்.

குழல்காரர் பிரமாணிக்கு, அதாவது மேளத்தை நடத்தும் தலைமைக் கலைஞருக்கு, நேர் எதிரே நிற்கட்டும். காலம் மாறும் சைகை அவர்கள் இருவருக்குள்தான் போகிறது. நடுவே மைக் ஸ்டாண்டு வைக்க விடாதீர்கள்.

மீனம் 13

மத்தியானம் கோடை மழை. ஈரக்காற்று பட்டதும் இடந்தலை இறங்கிவிடும். கயிற்றை இழுத்து ஏற்றலாம், இரண்டு பேர் வேண்டும். கொட்டு முடிந்ததும் தளர்த்த மறக்கக்கூடாது: மறுநாள் வெயிலில் தோல் சுருங்கும், இழுத்த கயிறு விட்டுக்கொடுக்காது, வளையத்தை ஒட்டிக் கிழியும். நெருப்பில் காட்டிச் சுருதி ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. தோல் விறைத்து ஆயுள் குறையும்.

மீனம் 16

பஞ்சவாத்தியம். திமிலை, மத்தளம், இடக்கை என்ற தோல்கருவிகளும் இலத்தாளமும் கொம்பும் சேர்ந்தது; செண்டை இதில் கிடையாது. இன்றைய வடிவம் 1930-களில் அமைந்தது. அதை அமைத்தவர்களில் முதன்மையானவர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி, மத்தளக்காரர். அன்னமனட அச்சுத மாரார் திமிலைப் பக்கம். இங்கேயும் முதல் பகுதியான பதிகாலம் மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். நேரமில்லை என்று அதைச் சுருக்கச் சொல்லும் விழாக் கமிட்டிகளை நினைத்தால் மனசு வலிக்கிறது. மத்தளக்காரர்கள் விரலில் கட்டும் துணிச் சுற்றை முன்கூட்டியே கட்டிக் காயவிட வேண்டும். ஈரச் சுற்று பாதியில் நழுவும்.

மீனம் 19

நாளை பக்கத்து ஊர்களான நென்மாறா–வல்லங்கியின் வேல. பஞ்சாரி கோயில் மதிலுக்குள், பாண்டி என்ற மற்றொரு செண்டை மேளம் வெளியே என்பது வழக்கம். திருச்சூர் பூரத்தின் இலஞ்சித்தறை மேளம் பாண்டியாக இருந்தும் வடக்குந்நாதன் கோயில் மதிலுக்குள் நடப்பது விதிவிலக்கு.

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாக வருபவர்கள் சீக்கிரம் கிளம்புங்கள், கடைசிக் காலத்துக்கு மட்டும் வந்து சேராதீர்கள். குழலுக்கும் கொம்புக்கும் பின்னால், செண்டை வரிசையைப் பார்த்தபடி நின்றால் எல்லாம் கேட்கும். இலத்தாளத்துக்குப் பக்கத்தில் நின்றால் அது ஒன்றுதான் கேட்கும். கொம்புக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுப்பவர் ஒவ்வொரு கலாசம் (சுற்றின் முடிவுப் பகுதி) முடிந்ததும் போகட்டும். உதடு வறண்டால் ஊதல் பிசிறும்.